முழங்கைக்கு மேல் மூன்று விரல்

எங்கள் ஆலையில் கடைசியாக ஒருவருக்குக் காயம் பட்டு எண்ணூற்று எழுபத்தோரு நாட்கள் ஆகியிருந்தன. வாசல் பலகையில் அப்படித்தான் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வெர்லின் டேவ்ஸ் ஏணியில் ஏறி எண்ணை மாற்றுவார். அந்த எண்ணூற்று எழுபத்தோரு நாட்களில் மூன்று பேர் விரலை இழந்தார்கள். தோலுரிக்கும் பிரிவில் ஒருத்திக்குத் தோள் கழன்றது. எலும்பறுக்கும் இடத்தில் ஒருவர் மயங்கி விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். இவை எதுவும் காயம் அல்ல. காயம்பட்டவர் மறுநாள் வேலைக்கு வராமல் போனால்தான் காயம். எல்லோரும் வந்தார்கள். வர முடியாதவர்களை வெர்லின் தன் வண்டியில் ஏற்றி வந்தார். ஒருவரை ஆஸ்பத்திரிச் சட்டையோடு கூட்டி வந்தார்.

ஆயிரம் நாள் முடிந்தால் ஆளுக்கொரு குளிர்கோட்டு தருவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. உள்ளே வாத்து இறகு, தொப்பியைச் சுற்றி ரோமம், மைனஸ் நாற்பதைத் தாங்கும், முதுகில் பன்றித் தலையும் ஆயிரம் என்ற எண்ணும். அறுநூற்றுப் பன்னிரண்டு பேரிடமும் அளவு எழுதி வாங்கியாகிவிட்டது. கடையில் அப்படி ஒன்றை வாங்க எங்களில் யாருக்கும் வசதி இல்லை. எங்கள் ஊரில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வேறு எதைப் பற்றியும் யாரும் பெரிதாக யோசிப்பதும் இல்லை.

நானும் ஓரெஸ்ட் பலமாரும் குளிரறையில் தள்ளுகிறவர்கள். பன்றியை இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் மேலே ஓடும் தண்டவாளத்தில் கொக்கி போட்டுத் தொங்கவிடுவார்கள். அதை அடுத்த அறைவரை தள்ள வேண்டும். இடது பக்கம் சுவர் இருப்பதால் வலது கையால்தான் தள்ள முடியும். பதினோரு வருடமாக நாங்கள் வலது கையால் தள்ளினோம். சுவரை ஏன் அங்கே கட்டினார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. சுவர் முதலில் வந்தது என்று பதில் வந்தது.

அன்று காலை தண்டவாளம் பிரியும் இடத்தில் ஒரு பாதி சிக்கிக்கொண்டது. ஓரெஸ்ட் கையை நீட்டி முழு உடம்பையும் கொடுத்துத் தள்ளினான். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவனைப் போல நின்றான். கை தொங்கியது.

"என்னடா?" என்றேன்.

"தெரியல. முழங்கைக்கு மேல, பின்பக்கம். பல்வலி மாதிரி இருக்கு."

"கையில பல்வலியா?"

"வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல லைல். கையை நீட்டறப்ப கடைசியா கொஞ்சம் இருக்குல்ல, அது வரமாட்டேங்குது."

சிக்கிய பாதியை நான் தள்ளிவிட்டேன். சுற்றிப் பார்த்தேன். குளிரறையில் எங்கள் இரண்டு பேரையும் தவிர யாரும் இல்லை, பன்றிகள்தான். "எண்ணூத்தி எழுபத்தொண்ணு," என்றேன். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு."

அவன் பன்னிரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தான். பதின்மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழ முடியாமல் சாப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தான். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெர்லின் வந்தார்.

வெர்லின் நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுவார். ஓரெஸ்டின் தோளில் கை வைத்து, "உனக்கு வலிக்குதுன்னா எனக்கு வலிக்குது," என்றார். "நீ நாளைக்கு வருவேல்ல?"

"வருவேன். தள்ளத்தான் முடியாது."

"தள்ள யாரு சொன்னா? வந்தாப் போதும்."

மறுநாளிலிருந்து ஓரெஸ்டுக்கு இலகுப்பணி அறை. ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு தீயணைப்பான். அந்தத் தீயணைப்பான் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்து மணிக்கொரு முறை பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் நாள் எட்டு முறை இருந்தது. இரண்டாம் நாளும் எட்டு முறை. நாலாம் நாள் ஓரெஸ்ட் என்னிடம் வந்து, "அது இல்லாமப் போனா என்ன எழுதணும்னு சொல்லவே இல்லையே," என்று கவலைப்பட்டான். அவன் அப்படிப்பட்டவன். வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவனுக்கு.

எழுதுவது வலது கையால் என்பதால் மூன்றாம் வாரம் விரல்களும் மரத்தன. அவன் மனைவி ஐரீன்தான் காய வாரியத்துக்கு எழுதிப் போட்டாள். மாகாணத்தில் வேலையில் அடிபட்டவர்களைக் கவனிக்கவென்றே இருக்கும் வாரியம் அது. அவர்கள் ஏற்றுக்கொண்டால் நல்ல மருத்துவர், வேறு வேலை, எல்லாம் உண்டு. ஓரெஸ்ட் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கையில் என்ன என்று யாராவது சொல்ல வேண்டும், அது முழுக்கப் போவதற்குள் தண்டவாளத்திலிருந்து தன்னை எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான்.

வாரியம் இரண்டு மணி நேரத் தொலைவில், தலைநகரில் இருந்தது. ஓரெஸ்டால் வண்டி ஓட்ட முடியாது, ஐரீனுக்குப் பள்ளிக்கூடச் சமையலறை வேலை. ஆகவே நான் என் விடுப்பு நாட்களில் அவனைக் கூட்டிப் போனேன். நண்பன் என்று சொல்லிக்கொண்டால் இதையெல்லாம் செய்யத்தான் வேண்டியிருக்கிறது.

அவனுடைய கோப்பைப் பார்த்தவர் திருமதி ட்ரெலவன். கழுத்தில் கம்பளிச் சால்வை, மேசையில் மிட்டாய்க் கிண்ணம். மிட்டாய் காகிதத்தில் இறுக்கிச் சுற்றியிருக்கும். இரண்டு கையும் இருந்தால்தான் பிரிக்க முடியும். ஓரெஸ்ட் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டான்.

"எங்க வாரியம் மனிதாபிமானமானது மிஸ்டர் பலமார்," என்று அவர் ஆரம்பித்தார். "வலிக்குதுன்னு வர்ற யாரையும் பொய் சொல்றதா நாங்க சொன்னதே இல்ல. உங்க வலியை நான் முழுசா நம்பறேன். அது உங்க கையிலதான் இருக்கான்னு மட்டும்தான் பார்க்கணும்."

பிறகு ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்தார். வாரியத்தில் முழங்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு, மேற்கைப் பிரிவு என்று ஒன்று உண்டு. முழங்கை நுனியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும் முழங்கை. ஆறிலிருந்து மேற்கை. வலிக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். ஓரெஸ்ட் நுனியிலிருந்து மூன்று விரல் வைத்து அளந்து காட்டினான். திருமதி ட்ரெலவன் அளவுகோலை வைத்துப் பேனாவால் ஒரு புள்ளி போட்டார். ஐந்தரை.

"கொஞ்சம் மேலயோ கீழயோ வலிக்குதா?"

"இல்லீங்க. அங்கதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. அரை சென்டிமீட்டர்தான்."

"அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல என்ன பிரிவு இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல," என்றார் திருமதி ட்ரெலவன். "அங்க ஏதாவது இருந்திருந்தா ஒரு பிரிவு வச்சிருப்போமே."

அந்தப் புள்ளியை அழிக்கக் கூடாது, இரண்டு பிரிவும் வந்து பார்க்கும்வரை குளிக்கும்போது கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். பத்து நாள் கழித்து இரண்டு பிரிவு ஆட்களும் வந்து பார்த்தார்கள். முழங்கைக்காரர் அது மேற்கை என்றார். மேற்கைக்காரர் அது முழங்கை என்றார். இருவரும் மரியாதையாகவே பேசிக்கொண்டார்கள். கையை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, "நீங்க எடுத்துக்கங்க", "இல்ல, நீங்க எடுத்துக்கங்க" என்றார்கள். ஓரெஸ்ட் நடுவில் நின்று ஒருமுறை இவரையும் ஒருமுறை அவரையும் பார்த்தான்.

அதன் பிறகு மருத்துவர் பர்விஸிடம் அனுப்பினார்கள். அவர் வாரியத்துக்காகச் சுதந்திரமாகப் பார்த்துச் சொல்கிறவர். ஓய்வுபெற்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர். ஏழு நிமிடம் பார்த்தார். அதில் இரண்டு நிமிடம் கோட்டைக் கழற்றுவதற்கு. ஓரெஸ்டுக்கு அவ்வளவு நேரம் ஆகும். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகான முழங்கை," என்றார். "ஐம்பத்திரண்டு வயசுக்காரருக்கு இவ்வளவு சுத்தமான முழங்கையை நான் பார்த்ததே இல்ல. நீங்க சந்தோஷப்படணும்."

"வலிக்குதே டாக்டர்."

"படத்துல வலி இல்லியே. நான் எதை நம்பறது, உங்களையா, பதினாலு லட்சம் டாலர் மெஷினையா? என் இடத்துல நீங்க இருந்தா எதை நம்புவீங்க?"

ஓரெஸ்ட் உண்மையாகவே யோசித்தான். "மெஷினைத்தான்," என்றான்.

அதையும் அறிக்கையில் எழுதிக்கொண்டார்.

பிறகு வலிக் குறிப்பேடு வந்தது. மணிக்கு ஒரு முறை, பூஜ்யத்திலிருந்து பத்து வரை எழுத வேண்டும். முதல் வாரம் வலது கையால் ஒழுங்காக எழுதினான். 'கையெழுத்து தெளிவாக உள்ளது. கை நன்றாக இயங்குகிறது' என்று பதில் வந்தது. இரண்டாம் வாரம் இடது கையால் எழுதினான். 'இரண்டாம் வாரத்தை வேறு யாரோ எழுதியிருப்பதாகத் தெரிகிறது' என்று வந்தது. மூன்றாம் வாரம் ஐரீன் எழுதினாள். அந்தக் கையெழுத்து முதல் வாரத்தோடு பொருந்துகிறது என்றார்கள். தூங்கும் நேரத்தில் ஏன் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்றும் கேட்டார்கள். தூங்கியதால் என்று ஓரெஸ்ட் எழுதினான். அப்படியானால் தூங்க முடிகிறது என்று ஒரு வரி கோப்பில் ஏறியது.

இதற்குள் ஆலையில் தொள்ளாயிரத்து நாற்பது தாண்டியிருந்தது. சாப்பாட்டு அறையில் ஓரெஸ்ட் உட்காரும் மேசையில் இப்போது வேறு யாரும் உட்காருவதில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. "கை எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், பதில் வருவதற்குள் போய்விடுவார்கள். அவனுடைய அலமாரிக் கதவில் யாரோ ஒரு குழந்தையின் கையுறையை ஆணியடித்திருந்தார்கள். அதைப் பிடுங்க அவனுக்கு வலுவில்லை. நான் பிடுங்கினேன். அடித்தது யாரென்று எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில் ஓரெஸ்டின் வீட்டுக்கு எதிரே ஒரு சாம்பல் நிற வண்டி வந்து நின்றது. உள்ளே ஒருவர். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. காலையில் வந்த வண்டி மத்தியானம்வரை அங்கேயே இருந்தது.

எங்கள் ஊரில் அந்தக் குளிரில் ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டோம். "பாவம், பேட்டரி செத்துருக்கும்," என்றாள் ஐரீன். குடுவையில் காபி ஊற்றி, தட்டு நிறைய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் வெங்காயமும் வைத்து ஓரெஸ்டிடம் கொடுத்தாள். தட்டு கனம் என்பதால் இடது கையில். குடுவை வலது கையில். அவன் தெருவைக் கடந்து போய் முழங்காலால் கதவைத் தட்டினான். அந்த ஆள் திடுக்கிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"ஸ்டார்ட் ஆகலையா? கேபிள் கொண்டு வரட்டுமா?"

"இல்ல, சும்மா, ஒருத்தருக்காகக் காத்துட்டிருக்கேன்," என்றார் அவர்.

"யாருக்காக?"

அவர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "வருவார்," என்றார்.

மூன்று நாள் வந்தார். மூன்று நாளும் ஓரெஸ்ட் காபி கொண்டுபோனான். கடைசி நாள் அவர் தட்டைக் கழுவாமல் தருவதற்கு மன்னிப்புக் கேட்டார். தன் மகளுக்கும் இந்தக் கொழுக்கட்டை பிடிக்கும் என்றார். ஐரீன் ஒரு பை கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் திருமதி ட்ரெலவன் எங்கள் இருவருக்கும் பதினான்கு நிமிடப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். ஓரெஸ்ட் பனியில் நடந்து வருகிறான். வலது கையில் குடுவை, வாயிலிருந்து ஆவி. அருகே வர வர முகம் பெரிதாகிறது.

"இது நம்ம வீட்டுத் தெரு மாதிரி இருக்கே," என்றான் ஓரெஸ்ட், சந்தோஷமாக.

"காபிக் குடுவை, ஒரு கிலோ இருநூறு கிராம்," என்று திருமதி ட்ரெலவன் அறிக்கையை வாசித்தார். "மூன்று நாட்கள், நாளுக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் உரிமை கோருபவர் புன்னகைத்தார்." புன்னகைத்தார் என்பதன் கீழே கோடு போட்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களைப் பிடிக்கணும்னு நான் ஆளை அனுப்பல மிஸ்டர் பலமார். உங்களைக் காப்பாத்தத்தான் அனுப்பினேன். வலியில துடிக்கிற மாதிரி ஒரு படம் கிடைச்சிருந்தா இந்தக் கோப்பு என்னிக்கோ முடிஞ்சிருக்கும். நீங்க சிரிச்சா நான் என்ன பண்றது?"

"அவருக்குக் குளிருமேன்னு..."

"எங்க ஆளுங்களுக்குச் சூடான வண்டி குடுத்திருக்கோம். நாங்க எங்க ஊழியர்களை நல்லா பார்த்துக்கறோம்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு சோதனை. திறன் அளவிடும் சோதனை. அதில் தேறினால் கை நன்றாக இருக்கிறது, கோப்பை மூடிவிடலாம். தேறாவிட்டால் கோப்பு மேலே போகும்.

பிப்ரவரி கடைசியில், வாரியக் கட்டடத்தின் அடித்தளத்தில், சோதனை அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவு முழுசாக மூடவில்லை. சோதனை எடுத்தவன் டெவின் என்ற இளைஞன், வாரியச் சின்னம் போட்ட பனியன். இரும்புத் தடி ஒன்றை ஓரெஸ்ட் முன்னால் தள்ள வேண்டும். அது எவ்வளவு வலுவென்று திரையில் காட்டும்.

"வலிச்சா உடனே சொல்லிடுங்க சார்," என்றான் டெவின். "உங்க நலன்தான் எங்களுக்கு முதல்ல. சொன்னா நிறுத்திடுவேன்."

"சரி."

"நிறுத்தினா முழு முயற்சி போடலைன்னு எழுதிடுவேன். அது கட்டாயம். எழுதினா கோப்பு மூடிடும்."

"நிறுத்தலைன்னா?"

"முழு முயற்சி போட்டா, தேறிட்டீங்கன்னு அர்த்தம்."

ஓரெஸ்ட் இரண்டு வழியையும் மனதுக்குள் நடந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு வேலையை அரைகுறையாகச் செய்து பழக்கம் இல்லை என்று சொன்னேனே. தள்ளினான்.

"இன்னும்," என்றான் டெவின். "திரை மஞ்சள்லதான் இருக்கு. இன்னும். குளிரறையில தள்றதா நினைச்சுக்கங்க."

அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். பன்றியின் பின்தொடையை இடுப்பிலிருந்து பிரிக்கும்போது ஒரு நரம்பு அறும். நாளுக்கு ஒன்பதாயிரம் முறை எங்கள் ஆலையில் கேட்கும் சத்தம். அதனால் எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது.

"அருமை," என்றான் டெவின். "பச்சை வந்துடுச்சு."

நான் உள்ளே போனபோது ஓரெஸ்ட் தரையில் உட்கார்ந்திருந்தான். முழங்கைக்கு மேலே பின்பக்கத் தசை சுருண்டு தோள் பக்கமாக ஏறி ஒரு முட்டையைப் போல நின்றது. முழங்கைக்கு மேல் மூன்று விரல் இடத்தில் தோல் உள்ளே குழிந்திருந்தது. அழுத்தினால் எலும்புதான்.

"லைல்," என்றான். "இப்ப வலிக்கல."

திருமதி ட்ரெலவன் கீழே ஓடி வந்தார். குழியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அளவுகோல் தேவைப்படவில்லை. "டிரைசெப்ஸ் தசையை எலும்போட கட்டற நாண் அறுந்திருக்கு," என்றார். "மிஸ்டர் பலமார், இதுக்கு எங்ககிட்ட எண் இருக்கு. இவ்வளவு நாளா இதைத்தான் தேடிட்டிருந்தோம். நான் தனிப்பட்ட முறையில ரொம்பச் சந்தோஷப்படறேன்."

"அப்ப ஆபரேஷன் பண்ணுவீங்களா?" என்றேன்.

"வேலையிடத்துல அறுந்திருந்தா நிச்சயம் பண்ணியிருப்போம்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இது எங்க கட்டடத்துலதானே அறுந்திருக்கு? இவர் எங்க ஊழியர் இல்லையே. பழைய வலிக்கான கோப்பு இருக்கு. ஆனா அந்த வலி இப்ப இல்லைன்னு இவரே சொல்லிட்டார். படியில வர்றப்பவே நானே காதால கேட்டேன்."

பொது ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவர் ஒருவர் எங்களிடம் முதன்முறையாக நேராகப் பேசினார். இது பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நைந்து அறுந்த நாண் என்றார். படத்தில் இது பல சமயம் தெரியாது, ஏன் ஒருவருக்கு நைகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு நைவதில்லை என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். மூன்று வாரத்துக்குள் தைத்தால் கை வரும். அதற்குப் பிறகு தசை சுருங்கிவிடும், இழுத்தாலும் எட்டாது. பொது வரிசையில் அவரிடம் பதினான்கு மாதம் காத்திருக்க வேண்டும். வாரியத்தின் வரிசையில் அடுத்த வியாழக்கிழமையே இடம் கிடைக்கும்.

மேல்முறையீட்டை அவசரமாக எடுத்துக்கொண்டார்கள். மறுப்பதாக இருந்தால் வாரியம் வேகமாகவே இயங்கும். விசாரணை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறாம் நாள், அறுந்து பத்தொன்பதாம் நாள் வந்தது. காயம் ஆலையில் தொடங்கியது என்று நிரூபித்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். அப்படி நிரூபணமானால் வாரியத்தில் அறுந்த கை என்று வெர்லின் அவனைக் கூட்டி வராமல் விட்ட இந்தப் பத்தொன்பது நாளும் ஆலைக் கணக்கில் ஏறும். வெர்லின் ஏணியில் ஏறிப் பலகையைத் திருத்த வேண்டியிருக்கும். ஆரம்பத்தைப் பார்த்த சாட்சி ஒருவன்தான். நான்.

முந்தின நாள் வெர்லின் என்னைக் கிடங்குக்குக் கூட்டிப் போனார். கோட்டுகள் வந்திறங்கியிருந்தன, பெட்டி பெட்டியாக. ஒன்றைப் பிரித்து என் மேல் வைத்துப் பார்த்தார்.

"உண்மையைச் சொல்லு," என்றார். "பொய் சொல்லச் சொல்ற ஆள் நான் இல்ல, உனக்கே தெரியும். உண்மை எதுவோ அதைச் சொல்லு. உங்க ரெண்டு பேரையும் விட்டா அறுநூத்திப் பத்துப் பேருக்கு நான் பதில் சொல்லணும், அவ்வளவுதான். உன் பொண்டாட்டிக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். நடுத்தர அளவு சரியா இருக்குமா?"

"கொஞ்சம் பெருசு," என்றேன்.

விசாரணை அறையில் நீளமான மேசை, தண்ணீர் ஜாடி, தலைவர் ஒருவர். வயதானவர், காது கேட்கும் கருவி வைத்திருந்தார். ஓரெஸ்ட் அறுந்த கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணிக்கட்டுக்குள் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இருந்தான். அந்தப் பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன்.

"சத்தியம் எடுக்கணும்," என்றார் தலைவர். "வலது கையை உயர்த்துங்க. நேரா, தலைக்கு மேல."

ஓரெஸ்ட் கட்டைக் கழற்றி, தோளிலிருந்து கையைத் தூக்கினான். முழங்கைக்குமேல் பிடிக்க எதுவும் இல்லாததால் முன்கை மடங்கி அவன் தலையிலேயே விழுந்தது. மறுபடி தூக்கினான். மறுபடி விழுந்தது. பார்ப்பதற்குத் தன்னைத்தானே குட்டிக்கொள்வது போல இருந்தது. பதிவு செய்யும் பெண் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"இடது கையை உயர்த்தலாமா?" என்று ஓரெஸ்ட் கேட்டான்.

"விதியில வலதுன்னு இருக்கு. கையைப் பத்தின வழக்குங்கறதால நான் இன்னும் கவனமா இருக்கணும்," என்றார் தலைவர். "நான் வளைஞ்சு குடுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது." பிறகு பதிவு செய்பவளிடம், "உரிமை கோருபவர் சத்தியம் எடுக்கவில்லை," என்று எழுதச் சொன்னார். "நீங்க தாராளமாப் பேசலாம் மிஸ்டர் பலமார். நாங்க மரியாதையாக் கேப்போம். ஆனா கணக்குல எடுத்துக்க முடியாது."

ஓரெஸ்ட் பேசினான். சிக்கிய பாதி, பல்வலி, கடைசியா வராத கொஞ்சம் நீட்டல் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான். மரியாதையாகக் கேட்டார்கள். திருமதி ட்ரெலவன் தலையைக்கூட ஆட்டினார்.

"சாட்சி இருக்கா?"

"இருக்கார்," என்று ஓரெஸ்ட் என்னைக் காட்டினான், இடது கையால். "லைல் பக்கத்துலயே இருந்தான். அந்தப் பாதியை எனக்காக அவன்தான் தள்ளிவிட்டான்."

நான் எழுந்து வலது கையைத் தூக்கினேன். சுலபமாகப் போயிற்று, நேராக, தலைக்கு மேல், கடைசிவரை. சத்தியத்தை வாசித்தார்கள், திருப்பிச் சொன்னேன். ஓரெஸ்ட் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான், என் முகத்தை அல்ல.

"அன்னிக்குக் குளிரறையில இவருக்கு அடிபட்டதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல."

தலைவர் கருவியைத் திருகிக்கொண்டார். "சத்தமாச் சொல்லுங்க."

"இல்லைங்க. அப்படி எதுவும் நடக்கலை. எப்பவும் போலத்தான் தள்ளிட்டிருந்தான்."

"நன்றி. தெளிவான சாட்சி," என்றார் தலைவர். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. வெளியே வரும்போது திருமதி ட்ரெலவன் ஓரெஸ்டிடம் கை குலுக்க வலது கையை நீட்டி, பிறகு நினைவு வந்து, தோளைத் தட்டினார்.

இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன். நெடுஞ்சாலையில் பனி குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். எனக்குப் பதில் தயாராக இருந்தது: அறுநூற்றுப் பத்துப் பேர், எனக்கும் குடும்பம் இருக்கிறது, நான் சொல்லியிருந்தாலும் அவர்கள் வேறு ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள். கடைசிப் பதில் உண்மை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு மைலுக்கும் அதைத் திருத்தித் திருத்திச் சரியாக வைத்துக்கொண்டேன். அவன் கேட்கவேயில்லை.

அவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றிவிட்டேன். உள்ளே விளக்கு எரிந்தது, ஐரீன் ஜன்னலில் நின்றாள். ஓரெஸ்ட் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். இப்போது கேட்பான் என்று தெரிந்தது. நான் எஞ்சினை அணைத்துவிட்டு, சாலையைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

"லைல்," என்றான்.

"சொல்லு."

"கதவைக் கொஞ்சம் திறந்துவிடு. என்னால தள்ள முடியாது."